குடிநீர்ச் சோதனையும் நுண்கால்வாய்க் கருவியும்

சாமராஜநகர் மாவட்டத்து மாதேஸ்வரன் மலையில் சிவராத்திரி, தீபாவளி நாட்களில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யாத்திரிகர்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். இத்தகைய கூட்டத்திற்கு வழங்கும் நீர் தூயதா என்பதை, அதைப் பருகுமுன்னரே அறிதல் வேண்டும்.

களப்பணியாளர் நன்கறிந்த சோதனை ஒன்று உண்டு. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவருடைய துணைவர்களும் 1982-இல் வெளியிட்ட முறை அது. மலக்கழிவு கலந்த நீரிலுள்ள கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்க, அது புட்டியிலுள்ள இரும்புச் சத்தோடு கூடி நீரைக் கறுக்கச் செய்கிறது. முறை எளியது, செலவும் குறைவு. ஆயினும், முடிவு தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்குள் யாத்திரிகர்கள் நீரைப் பருகி ஊர் திரும்பிவிடுவர்.

இக்கால தாமதத்தைக் குறைக்க ஆராயப்படும் வழிகளுள் ஒன்று டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துவது. இவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முதல் 0.03 மில்லிமீட்டர் வரையாகும். இவற்றை அடுத்துள்ள 5 மில்லிமீட்டர் அலைகளை ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில் உண்டாக்கி ஆராய்ந்தார்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நீர் இவ்வலைகளைப் பெரிதும் உறிஞ்சிவிடும். 1 டெராஹெர்ட்ஸ் அலை 0.1 மில்லிமீட்டர் நீரைக் கடப்பதற்குள் அதன் வலிமை ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைகிறது. ஆதலின், தலைமயிரின் பருமனையொத்த ஆழமுள்ள நுண்கால்வாயில் நீரைச் செலுத்துகின்றனர். கால்வாயை ஒட்டிய நுண்ணிய உலோக வளையங்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. நீரிருந்த இடத்தைக் கிருமிகள் பற்றிக்கொண்டால், அவ்வதிர்வெண் சிறிது விலகும். அவ்விலகலே அளவீடாகும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் விளக்கலாம். கண்ணாடிக் குவளையில் மையை ஊற்றினால் ஒளி ஊடுருவாது. அதே மையில் ஒரு துளியை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்தால், அது தானே பரவி மெல்லிய படலமாகும், ஒளியும் ஊடுருவும். நுண்கால்வாயின் தத்துவம் இதுவே.

எனினும், விலகல் மட்டும் கிருமியின் இனத்தைக் காட்டாது. வெப்பநிலை மாறினும் கரைந்த உப்பு மிகினும் விலகல் நேரலாம். குறித்த கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைக் கருவியில் பூசினாலன்றி ஐயம் நீங்காது. நீரில் மிகச் சிலவாக உள்ள கிருமிகளை முதலில் ஓரிடத்தில் திரட்டவும் வேண்டும். ஆதலால் இக்கருவி இன்னும் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்ததே. அது களத்திற்கு வரும்வரை, விழாவுக்குச் சில நாள் முன்பே புட்டிச் சோதனையை முடிப்பதும், விழா நாட்களில் நீரில் குளோரின் எஞ்சியுள்ளதா எனப் பார்ப்பதும் பணியாளரின் கடமையாகும்.