இரத்தம் கூடினால் நலமா?

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறி வருவோருக்குக் குளிர் தெரியுமேயன்றி மூச்சில் வேறுபாடு தெரியாது. லடாக்கின் லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். அங்கும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கே; ஆயினும் காற்றழுத்தம் குறைவதால், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிறது. தொழிற்சாலை விடுமுறையில் இருசக்கர வாகனத்தில் அங்குச் செல்ல விரும்பும் இளைஞர்களும், முதிய பெற்றோரை அழைத்துச் செல்வோரும் வினவுவதால் இதனை எழுதுகிறோம்.

ஆக்சிஜன் குறைந்தால் உடல் முதலில் மூச்சையும் நாடித்துடிப்பையும் விரைவாக்கும். வாரக்கணக்கில் தங்கினால் சிவப்பணுக்களைப் பெருக்கும். பெருக்கம் அளவு மீறினால் இரத்தம் தடித்து இதயத்திற்குச் சுமையாகும். நாள்பட்ட நுரையீரல் நோயருக்கும் புகைபிடிப்போருக்கும், மலை ஏறாமலேயே இது நேரலாம். பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 18 என்று கண்டு, ‘இரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது’ என வீட்டார் மகிழ்வதுண்டு. மருத்துவர் மகிழ்வதில்லை.

திபெத்தியர் 4,000 மீட்டர் உயரத்திலும் ஹீமோகுளோபின் பெரிதும் உயராமலே வாழ்கின்றனர். காரணம், ‘ஈபாஸ்-1’ என்னும் மரபணுவில் அவர்களுக்குள்ள மாறுபாடு என 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சிவப்பணுப் பெருக்கத்தைத் தூண்டுவதில் இம்மரபணுவுக்குப் பங்குண்டு. திபெத்திய வடிவம் அத்தூண்டலை மட்டுப்படுத்துகிறது. டெனிசோவர் என்னும் மறைந்த மனித இனத்திலிருந்து அது வந்ததென 2014இல் ஆய்வாளர் அறிவித்தனர். நம் அண்டை மாநிலத்தில், மைசூருவை அடுத்த பைலகுப்பேயில் குடியேறிய திபெத்தியரின் பேரப்பிள்ளைகளுள் பெரும்பாலோர், பனிமலையைக் காணாதவராயினும் அம்மரபுடனே பிறந்திருப்பர்.

நமக்கு அவ்வுடைமை இல்லை. உடற்பயிற்சியால் அதைப் பெறவும் இயலாது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து விரைவாக மேலே கொண்டுசெல்லப்பட்ட கட்டுடல் வீரர்களுக்கே நுரையீரலில் நீர் கோத்தது. அவர்களைக் கண்ட இந்திய இராணுவ மருத்துவர்கள் 1965இல் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் மதிக்கப்படுகின்றன.

ஆகவே இதய, நுரையீரல் நோயரும் கருவுற்றோரும் பயணச்சீட்டு வாங்கும் முன்னரே மருத்துவரைக் காண்க. விமானத்தில் லே சென்றால் முதல் இரு நாள் ஓய்வு வேண்டும். அதன்பின் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டலாகாது. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறற்க. அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே கீழே இறக்குக. விடியட்டும் எனக் காத்திருக்கலாகாது.