பீங்கான் ஓடுகளை வீட்டில் வெட்டும் முறை

பேச்சு வழக்கில் டைல்ஸ் எனப்படும் பீங்கான் ஓடுகள் இன்று நாடெங்கும் சாதாரண வீடுகளிலும் இடம் பெற்றுள்ளன. குஜராத்திலுள்ள மோர்பி நகரம் இவற்றின் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. ஓடு முழுச் சதுரமாக வருகிறது. சுவரோ அதன் அளவுக்கு முடிவதில்லை. குழாயோ ஓட்டின் நடுவே நிற்கிறது. ஆகவே ஓட்டை வெட்டுவது இன்றியமையாததாகிறது. சிறு மின்கருவிகள் எளிதில் கிடைப்பதால், பலர் இவ்வேலையைத் தாமே மேற்கொள்கின்றனர். முறையறியாது செய்வோர்க்கு ஓடு மட்டுமன்றி உடல்நலமும் கெடக்கூடும்.

ஓட்டின் இயல்பு

களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் முதலியவற்றைக் கலந்து அழுத்தி, 1,000 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு ஓடுகள் செய்யப்படுகின்றன. இவை மிகக் கடினமானவை; எனினும் வளைந்து கொடுக்காமல் உடைபவை. இதன் காரணத்தை 1921-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் ஆங்கிலப் பொறியியலாளர் கிரிஃபித் விளக்கினார். கண்ணாடி போன்ற பொருள்களிலுள்ள நுண்ணிய விரிசலின் நுனியில் விசை குவிகிறது. அது ஓர் எல்லையைக் கடந்ததும் விரிசல் தானே ஓடுகிறது.

இவ்வியல்பு நமக்குத் துணையும் ஆகும், பகையும் ஆகும். ஓட்டின் பளபளப்பான முகத்தில் நேராக ஒரே கீறல் இட்டு, அதன் இருபுறமும் அழுத்தினால் ஓடு அக்கோட்டிலேயே பிளக்கும். கைப்பிடியுள்ள டைல் கட்டர் இத்தத்துவத்தின்படி இயங்குகிறது. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தூசியும் மிகக் குறைவு. ஆகவே நேர்வெட்டுக்கு இதுவே சிறந்தது.

மின்கருவியால் வெட்டுதல்

மூலை வெட்டுக்கும் குழாய்த் துளைக்கும் மின்கருவி தேவை. மோஸ் அளவுகோலில் குவார்ட்சின் கடினம் 7. வைரத்தின் கடினம் 10. எனவே வைரத்துகள் பதித்த, விளிம்பு பிளவுபடாத வட்டத் தகடே ஏற்றது. இது ஓட்டை அறுப்பதில்லை, தேய்த்து நீக்குகிறது. ஆதலால் அழுத்துவதால் பயனில்லை, ஓடு உடையும். நிமிடத்துக்கு 11,000 முறை சுழலும் 100 மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தகட்டில் குறித்துள்ள வேக வரம்பு கருவியின் வேகத்துக்குக் குறைந்திருத்தல் ஆகாது. காப்புறையைக் கழற்றலாகாது, கண்ணாடி அணிய வேண்டும்.

1. ஓட்டைச் சமமான பலகைமேல் அசையாது பொருத்துக.
2. முதலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் கோடிட்டு, பின்னர் படிப்படியாக ஆழப்படுத்துக.
3. வெட்டு முடியுமிடத்தில் மூலை சிதறாதிருக்க, எதிர்முனையிலிருந்தும் சிறிது வெட்டி வருக.
4. உள்மூலை வரும் வெட்டுக்கு, முதலில் அம்மூலையில் சிறு வட்டத் துளையிடுக. கூரிய மூலையில் விசை குவியும். வட்டத்தில் அது பரவும்.

தூசியும் நீரும்

தேய்வதால் எழும் தூசியில் படிகச் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே கொடியது. அது நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து தழும்புண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோய் பெரும்பாலும் பல்லாண்டு கழித்தே வெளிப்படும். அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நாள்தோறும் வெட்டும் தொழிலாளர்க்கே இவ்வபாயம் மிகுதி. மூக்கில் துண்டைக் கட்டுவது இதைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 வகை முகமூடி வேண்டும். வெட்டுவது வெளியிடமாகவும், குழந்தைகள் அருகில் இல்லாததாகவும் இருத்தல் நன்று. தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நீர் தூசியை அடக்குகிறது. ஆனால் மின்சாரத்தோடு சேர்ந்தால் உயிரைப் பறிக்கிறது. நீர்க்குழாய் பொருத்தி அமைக்கப்பட்ட கருவியில் மட்டுமே நீரைப் பயன்படுத்தலாம். அப்போதும் அம்மின்னிணைப்பு, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தின் வழியாக வர வேண்டும்.

உடைந்த ஓட்டுக்கு வேறோர் ஓடு வாங்கலாம். நுரையீரலுக்கு அவ்வாறு மாற்று வாங்க இயலாது. கீறிப் பிளக்கக் கூடியதைக் கீறியே பிளந்து, எஞ்சியதற்கு மட்டும் மின்கருவியை எடுப்பதே அறிவுடைய முறையாகும்.