முக்காலி இயந்திரத்தின் காலடியிலிருந்து

ஒன்பதாம் வகுப்பில் காலனியாதிக்கம் பற்றிய பாடம் நடக்கும் வாரத்தில், சமூக அறிவியல் ஆசிரியரிடம் இரண்டு பாடவேளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். நான் ஓவிய ஆசிரியர். முதல்முறை கேட்டபோது, உலக வரைபடத்துக்கு வண்ணம் தீட்டப் போகிறேன் என்று நினைத்துச் சரி என்றார். செவ்வாய்க் கிரகத்தார் பூமியைப் பிடிக்க வரும் காட்சியை வரையப் போகிறோம் என்றதும் சிரித்துவிட்டார். இப்போது அந்த இரண்டு பாடவேளைகளிலும் அவரும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

காரணம் ஒரு நாவலும் ஓர் ஓவியரும். ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' 1897-இல் ஓர் ஆங்கில மாத இதழில் தொடராகவும், 1898-இல் நூலாகவும் வந்தது. செவ்வாயிலிருந்து வந்தவர்கள் மூன்று கால் இயந்திரங்களில் ஏறி, வெப்பக் கதிரால் இங்கிலாந்தின் ஊர்களை எரிக்கிறார்கள். மாணவர்களுக்குக் கதையை இந்த அளவில் சொன்னால் போதும். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் டாஸ்மேனியாவைப் பற்றிப் பேசுகிறார் என்பதை விட்டுவிடக் கூடாது. ஐரோப்பியக் குடியேறிகள் அந்தத் தீவின் மக்களுக்குச் செய்ததை எடுத்துக்காட்டி, செவ்வாய்க்காரர்களைக் குறைசொல்ல நாம் யார் என்ற கேள்வியை அங்கே வைக்கிறார். நூலைத் தம் அண்ணன் ஃபிராங்குக்குக் காணிக்கையாக்கி, கதைக் கரு அவருடையது என்றும் குறிப்பிட்டார்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் தேவை. டாஸ்மேனியப் பழங்குடியினர் அடியோடு அழிந்துவிட்டார்கள் என்பதுபோல் வெல்ஸ் எழுதினார். இன்றும் பல புத்தகங்கள் அப்படியே எழுதுகின்றன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லாமல் விட்டால், இருப்பவர்களை இல்லாதவர்களாக்கும் வேலையில் நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். தொடருக்கு முதலில் படம் வரைந்தவர் வார்விக் கோபிள். அவருடைய இயந்திரங்கள் வெல்ஸுக்குப் பிடிக்கவில்லை. விறைத்து நிற்கும் முக்காலிகளை வரைந்த ஒரு படக்காரரைக் குறைகூறும் பத்தி ஒன்றை நூலாக்கும்போது கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார். படக்காரர்களுக்கு எழுத்தாளர்களிடம் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் இவ்வளவுதான்!

பிறகு வந்தவர் என்ரிக் அல்விம் கொரேயா. 1876-இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். பாரிஸில் எதுவார் தெத்தாய் என்பவரிடம் பயின்றார். போர்க்களங்களையும் படைவீரர்களையும் வரைந்து பேர்பெற்றவர் அந்த ஆசான். மாணவர் பின்னர் பிரஸ்ஸல்ஸில் குடியேறினார். நாவலைப் படித்துவிட்டுத் தாமாகவே சில படங்கள் வரைந்து, 1903-இல் லண்டனுக்கு எடுத்துப்போய் வெல்ஸிடம் காட்டினார். வெல்ஸுக்குப் பிடித்துவிட்டது. 1906-இல் பிரஸ்ஸல்ஸில் 500 படிகள் மட்டும் அச்சான பிரெஞ்சுப் பதிப்பில் அந்தப் படங்கள் வந்தன. நான்கு ஆண்டுகளில் காசநோயால் அவர் இறந்தார். வயது 34.

அவருடைய படங்களைத் திரையில் காட்டி, நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதை வரைந்தவர் எங்கே நிற்கிறார்?" ஓவிய வகுப்பில் கண்மட்டக் கோடு என்று சொல்லிக்கொடுப்பது இதற்குத்தான். கோடு தாழ்ந்திருந்தால் பார்ப்பவர் தரையில் நிற்கிறார், உயர்ந்திருந்தால் மாடியிலோ மலையிலோ நிற்கிறார். படைகளின் பெருமையை வரையும் மரபில் பயின்ற கொரேயா, இந்தப் படங்களில் நம்மைப் படையெடுத்தவன் பக்கத்தில் நிறுத்தவில்லை. மூன்று கால்கள் வானத்தை மறைக்கின்றன. தலைக்கூண்டில் உருண்டைக் கண்கள்போல் இரண்டு விளக்குகள். மனிதர்கள் எறும்பளவில் ஓடுகிறார்கள். நாம் அந்த எறும்புகளோடு நிற்கிறோம். (இணையத்தில் தேடும் ஆசிரியர்கள் முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு படங்கள் பள்ளிக்கு ஏற்றவையல்ல.)

இந்த நூல் அச்சான ஊரையும் காலத்தையும் சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்துக்கொள்வார். 1906-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவைத் தம் சொந்த உடைமையாக வைத்திருந்தார். ரப்பருக்காக அங்கே நடந்த கொடுமைகளைப் பற்றி ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை 1904-இல் வெளியாகியிருந்தது. நாகரிகம் கொண்டுபோகிறோம், அடிமை வணிகத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் லியோபோல்டு அங்கே கால் வைத்தார்.

இந்த 'நன்மை செய்ய வந்தோம்' என்ற பேச்சை விளக்க இன்னொரு ஓவியத்தைக் காட்டுகிறேன். பெஞ்சமின் டூட்டரோ 1840-இல் வரைந்த 'சமரசம்'. ஹோபார்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்ற ஆங்கிலேயர், சுற்றிலும் டாஸ்மேனியப் பழங்குடி மக்கள். ஒருவரோடு கை குலுக்குகிறார், மற்றொரு கையின் விரலை உயர்த்தி ஏதோ சொல்கிறார். பாதுகாப்புத் தருகிறோம் என்று பேசி, எஞ்சியிருந்த மக்களைத் தம் நிலத்தை விட்டு ஃபிளிண்டர்ஸ் தீவுக்குப் போகவைத்தவர் இவர். அங்கே நோயிலும் ஏக்கத்திலும் மடிந்தவர்கள் போக, 1847-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டபோது இருந்தவர்கள் 47 பேர். ஓவியர் தூரிகையைப் பிடித்திருந்த ஆண்டில் அந்தச் சாவுகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் படத்தில் நாயும் வாலபியும்கூட அருகருகே அமைதியாக நிற்கின்றன.

கொரேயாவின் படத்தில் வன்முறை வெளிப்படையானது, எந்தக் குழந்தைக்கும் புரியும். இந்தப் படத்தில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். "நல்லவர் மாதிரிதானே இருக்கார் சார்?" என்றான் ஒருவன். அவர் நல்லெண்ணத்தோடு வந்தவராகவே இருக்கலாம், அப்போது கணக்கு எப்படிப் போடுவது என்று திருப்பிக் கேட்டேன். வகுப்பு வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த பாடவேளையில் கரித்துண்டும் வெள்ளைச் சாக்குக்கட்டியும் பழுப்புத் தாளும் கொடுத்து, இம்முறை செவ்வாய்க்காரர்கள் உதவி செய்ய வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு வரையச் சொன்னேன். ஒருவன் வரைந்த முக்காலி இயந்திரம் ஆழ்துளைக் கிணறு தோண்டியது. குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இன்னொருவன் மருத்துவமனை கட்டினான். பெரும்பாலான படங்களில் கண்மட்டக் கோடு முக்காலியின் தலைக்குப் போய்விட்டது. அழிக்க வந்தபோது தரையில் நின்று வரைந்த அதே பிள்ளைகள், உதவ வந்ததும் மேலே ஏறிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். "அந்த ஊர்க்காரங்க கிணறு கேட்டாங்களா?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். கிணறு வரைந்தவனுக்குக் கோபம். "தண்ணி இல்லாதவங்களுக்குக் கேட்டுட்டா குடுப்பாங்க?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான், அதைத் தட்டிவிட்டால் பாடம் கெட்டுப்போகும்.

ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் கதையை அங்கே சொன்னேன். 1964-இல் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த 'கடவுளாக இருப்பது கடினம்' நாவலில், வேறொரு கிரகத்தின் இடைக்காலச் சமூகத்துக்குள் பூமியிலிருந்து போனவர்கள் மாறுவேடத்தில் வாழ்கிறார்கள். பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், வரலாற்றின் போக்கில் கை வைக்கக் கூடாது. படித்தவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஆட்சியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு கதாநாயகன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? கடைசியில் அவன் வாளை உருவுகிறான், அதனால் எதுவும் சரியாவதில்லை. தலையிட்டாலும் வலி, தலையிடாவிட்டாலும் வலி. கிணறு வரைந்தவன் இந்தக் கதையைக் கேட்டுச் சற்றுத் தணிந்தான்.

இது விண்வெளிக் கதை மட்டுமன்று, நம் நாட்டிலும் நடந்தது. அந்தமானின் வட சென்டினல் தீவிலிருந்து 1880-இல் ஆங்கில அதிகாரி போர்ட்மன் ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்தார்கள். நான்கு குழந்தைகளும் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெல்ஸின் கதையில் பூமியின் நுண்ணுயிரிகள் படையெடுத்தவர்களைக் கொல்கின்றன, உண்மையில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடந்தது. அறிவியல் ஆசிரியருக்கு இது நல்ல தொடக்கம். சுதந்திர இந்தியாவின் மானிடவியல் குழுக்களும் படகில் தேங்காய் கொண்டுபோனார்கள். 1991 ஜனவரியில் தீவு மக்கள் ஆயுதமின்றி நீருக்குள் வந்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளில் அந்தப் பயணங்களை அரசே நிறுத்தியது. இன்று தீவை நெருங்கத் தடை இருக்கிறது.

தேங்காய் மிதக்கும் அந்தக் காட்சியை வீட்டில் வரைந்து வரச் சொன்னேன். முன்வரிசைப் பெண்ணின் தாளில் முக்கால் பாகம் கரித்தீட்டிய இலைகள். இலைகளின் இடைவெளியில் கடல், கடலில் மிகச் சிறியதாக ஒரு படகு, அதற்கும் கரைக்கும் நடுவே ஐந்தாறு புள்ளிகள். படகில் இருப்பவர்களுக்கு அவள் முகமே வரையவில்லை.