டிரோன் யார் பேச்சைக் கேட்கும்?

மாணவர்களுக்குக் கற்பிப்பதன் பொருட்டு விலை குறைந்த டிரோன்களைப் பிரித்துப் பார்ப்பதும் பறக்கவிட்டுச் சோதிப்பதுமாகச் சில வருஷங்கள் பழகிய பிறகு, அவற்றை வாங்குகிறவர்கள் காமிராவையும் பாட்டரியையும் பற்றி விசாரிக்கிற அக்கறையில் ஒரு பங்கையாவது, ரிமோட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே காற்றில் நடக்கும் சம்பாஷணையின் மீது செலுத்த வேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

பொம்மை ரக டிரோன்கள் பலவற்றில், ரிமோட்டின் இடது குச்சியை மேலே தள்ளிக் கீழே இழுத்ததும், அதுவரை படபடவென்று மின்னிக்கொண்டிருந்த விளக்கு நிலைத்து எரியும். 'பைண்ட் ஆகிவிட்டது' என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள். இரண்டும் பிரத்தியேகமாக ஒன்றையொன்று வரித்துக்கொண்டன என்றே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சில விநாடிகளில் ரிமோட் தன் முகவரியைச் சங்கேதம் ஏதுமின்றிக் காற்றில் பகிரங்கமாக அறிவிக்கிறது என்பதே உண்மை. இவ்வகைப் பொம்மைகளில் அதிகம் காணப்படும் என்ஆர்எஃப்24எல்01 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப்பிலும் அதன் மலிவான நகல்களிலும் 3 முதல் 5 பைட் வரையிலான முகவரி உண்டு, பிழை கண்டறியும் சிஆர்சி உண்டு, 126 சேனல்கள் உண்டு. பூட்டு மட்டும் இல்லை. சேனல் விட்டுச் சேனல் தாவுவது இரைச்சலிலிருந்து தப்புவதற்கான உபாயமேயன்றி எதிரியிடமிருந்து ஒளிவதற்கானதல்ல. சிஆர்சியோ செய்தி சிதையாமல் வந்ததா என்று சொல்லுமே தவிர, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. முகவரியை முன்கூட்டி அறியாமலே இதே சிப்பைக் கொண்டு ஒட்டுக்கேட்க முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராவிஸ் குட்ஸ்பீட் 2011இலேயே நிரூபித்துவிட்டார். ஆகவே, பல டிரோன்கள் கூடும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனியே ஒதுக்கிப் பைண்ட் செய்யும்படி நான் வற்புறுத்துவது, ஒருவர் ரிமோட் மற்றொருவர் டிரோனைப் பிடித்துக்கொள்ளும் குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே. துர்நோக்கமுள்ளவனை அது தடுக்காது.

வைஃபையில் இயங்குபவற்றின் கதை வேறு. 2010இல் வந்த பாரட் ஏஆர்.டிரோன் கடவுச்சொல் இல்லாத வைஃபையோடு பறந்தது; 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கார் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியைத் தம் டிரோன்மீது ஏற்றி, அத்தகைய டிரோன்களை உரிமையாளரிடமிருந்து துண்டித்துத் தம் வசமாக்கும் முறையை ஸ்கைஜாக் என்ற பெயரில் வெளியிட்டார். அதன் பிறகு, 2018இல் வந்த டெல்லோ என்ற சிறு டிரோனும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்த வைஃபையையே பரப்புகிறது. மடிக்கணினியை அதில் இணைத்து, 192.168.10.1 என்ற முகவரியின் 8889ஆம் போர்ட்டுக்கு 'கமாண்ட்' என்ற சொல்லை அனுப்பினால் 'ஓகே' என்று பதில் வரும். அடுத்து 'டேக்ஆஃப்' என்று அனுப்பினால், அனுப்பியவர் யார் என்ற கேள்வியே இல்லாமல் அது விர்ரென்று மேஜையைவிட்டு எழும்பும். இதை என் சொந்த டெல்லோவில் செய்து காட்டும்போது வகுப்பில் எழும் நிசப்தம், எந்த விரிவுரையாலும் வாய்ப்பதில்லை.

எனவே, முதல் பறத்தலுக்கு முன்பே செயலிக்குள் போய் நீளமான கடவுச்சொல்லை வைத்துவிடுங்கள். அந்நியர் கட்டளையிடுவதும், காமிராக் காட்சியைத் தம் திரைக்கு வரவழைப்பதும் அதனால் பெருமளவு தடைப்படும். ஆயினும், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் வைஃபைச் செய்திகளைப் போலியாக அனுப்புவதைத் தடுக்கும் 802.11டபிள்யூ முறை 2009இலேயே வகுக்கப்பட்டிருந்தும், அது இல்லாத கருவிகளை, கடவுச்சொல் வைத்திருந்தாலும், வெளியிலிருந்து ஒருவன் துண்டித்துவிடலாம். அப்போது டிரோன் என்ன செய்யும் என்பதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். கணினிக் கட்டளைகளில் இயங்கும் டெல்லோ, 15 விநாடிகள் கட்டளை வராவிட்டால் தானே இறங்கிவிடுகிறது. பொம்மை ரகத்தில் நான்கு இறக்கைகளையும் கழற்றிவிட்டு, மோட்டாரை மிதமாக ஓடவிட்டு, ரிமோட்டைச் சட்டென்று அணைத்துப் பார்க்கிறேன். மோட்டார் உடனே அடங்குகிறதா, கடைசிக் கட்டளையைப் பற்றிக்கொண்டு சுழன்றுகொண்டே இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடங்காமல் சுழல்வதை, எவ்வளவு நேர்த்தியாகப் பறந்தாலும், நான் மாணவர் கையில் கொடுப்பதில்லை.