சித்திரம் – கலைப்படைப்பு இரசனை: வான்கோவின் ‘சூரியகாந்திப் பூக்கள்’

ஓவியம் பற்றிய தகவல்கள்

ஓவியர்: வின்சென்ட் வான்கோ (1853 – 1890)
ஆண்டு: 1888 ஒகஸ்ட்
ஊடகம்: கன்வஸ் மீது எண்ணெய் வர்ணம்
வகை: நிலைப்பொருள் ஓவியம்
கலைப்பாணி: பின் மனப்பதிவுவாதம்
தற்போது உள்ள இடம்: தேசிய கலைக்கூடம், இலண்டன்

ஓவியரின் பின்னணி

வான்கோ நெதர்லாந்தில் சுண்டேர்ட் எனும் ஊரில் ஒரு கிறிஸ்தவ போதகரின் மகனாகப் பிறந்தார். ஓவிய விற்பனை நிலையத்தில் ஊழியராகவும், பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மத்தியில் போதகராகவும் பணியாற்றிய பின்னர், 1880 இல், 27 ஆவது வயதிலேயே ஓவியராக முடிவு செய்தார். இவரது தம்பி தியோ பண உதவி செய்துவந்தார்.

1885 இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தில் இருண்ட வர்ணங்களே மிகுந்துள்ளன. 1886 இல் பாரிஸ் சென்று மனப்பதிவுவாத ஓவியங்களைக் கண்ட பின்னர் இவரது வர்ணங்கள் ஒளி பெற்றன. 1888 இல் தென்பிரான்சின் ஆர்ல் நகரில் குடியேறினார்.

ஓவியம் தோன்றிய சூழல்

ஆர்ல் நகரில் தம்முடன் தங்கி ஓவியம் வரைய வருமாறு நண்பர் போல் கோகனை வான்கோ அழைத்திருந்தார். அவரது அறையை அலங்கரிக்கவே இப்பூக்களை வரைந்தார். பூக்கள் விரைவில் வாடிவிடும் என்பதால் அதிகாலையிலேயே வேலையைத் தொடங்கினார். எனவே இவ்வோவியம் ஒரு விருந்தினருக்கான வரவேற்பு ஆகும்.

இரசனைக் குறிப்புகள்

1. வர்ணம்: பின்னணி, மேசை, சாடி, பூக்கள் யாவும் மஞ்சளின் பல்வேறு சாயல்களிலேயே உள்ளன. சாடியை உற்று நோக்குங்கள். கடும் மஞ்சளான மேற்பாதி வெளிறிய பின்னணியிலும், வெளிறிய கீழ்ப்பாதி கடும் மஞ்சள் மேசையிலும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

2. உருவம்: மொட்டு, முழுதாக மலர்ந்த பூ, இதழுதிர்ந்து விதை முற்றிய பூ என வாழ்வின் பல நிலைகள் ஒரே சாடியில் இடம்பெறுகின்றன.

3. இழையமைப்பு: விதைப்பகுதி தடித்த வர்ணப் புள்ளிகளாலும், இதழ்கள் நீண்ட தூரிகை வீச்சுகளாலும் தீட்டப்பட்டுள்ளன.

4. கையொப்பம்: ‘வின்சென்ட்’ என்ற பெயர் சாடியின் மீதே இடப்பட்டுள்ளது.

மாணவர் கவனத்திற்கு

“மனநோயின் விளைவே இவ்வோவியம்” என எழுதுவது தவறாகும். காலவரிசையை நினைவில் வைத்திருங்கள். ஓவியம் வரையப்பட்டது ஒகஸ்ட் மாதத்தில். கோகன் வந்தது ஒக்டோபரில். இருவரும் முரண்பட்டு, வான்கோ தமது காதை வெட்டிக்கொண்டது டிசெம்பரில். அதாவது நோய் வெளிப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே, நம்பிக்கை நிறைந்த நாட்களில் இது வரையப்பட்டது. மேலே கூறிய சாடியின் வர்ண ஒழுங்கும் இது நன்கு திட்டமிட்ட ஆக்கம் என்பதற்குச் சான்றாகும். ஓவியரின் துயரக் கதையை மட்டும் எழுதாது, ஓவியத்தில் நீங்கள் கண்டவற்றை எழுதுங்கள். இரசனை வினா எதிர்பார்ப்பது அதனையே.

பயிற்சி வினாக்கள்

1. இவ்வோவியம் யாரை வரவேற்பதற்காக வரையப்பட்டது?
2. பாரிஸ் வாழ்க்கை வான்கோவின் வர்ணப் பயன்பாட்டில் ஏற்படுத்திய மாற்றம் யாது?
3. ஒரே வர்ணத்தின் சாயல்களைக் கொண்டு பொருட்களை வேறுபடுத்திக் காட்டியுள்ள விதத்தை விளக்குக.