திறந்தநிலைப் பள்ளியில் சமூக அறிவியல்

பள்ளிப் படிப்பை இடையில் கைவிட்டோர் அதைத் தொடர வழி செய்யும் நோக்குடன், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979-ஆம் ஆண்டில் திறந்தநிலைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1989-இல் அது தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்னும் தன்னாட்சி நிறுவனமாயிற்று. 2002-இல் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. இது வழங்கும் இடைநிலைச் சான்றிதழ் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு இணையானது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே பொருந்துவதாகும். அந்த வயது முடியும் இடத்தில்தான் இந்த இடைநிலை வகுப்பு தொடங்குகிறது. உயர்ந்தபட்ச வயது வரம்பு ஏதுமில்லை.

ஒரு மொழி உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஒரு முறை செய்துகொண்ட பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும்; அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே கணக்கில் வைக்கப்படும். பகலில் கூலி வேலைக்குச் செல்பவரும் வீட்டுப் பொறுப்பைச் சுமப்பவரும் ஐந்து பாடங்களையும் முதல் தேர்விலேயே எழுத முற்படுவது அவசரமேயாகும். நிறையப் படிக்க வேண்டிய சமூக அறிவியலை மற்றொரு பாடத்துடன் மட்டும் இணைத்து எழுதுவது நலம்.

அனுபவமும் விடையும்

வரலாறு, இயற்கைச் சூழலும் வளங்களும், மக்களாட்சியின் செயற்பாடு, இன்றைய இந்தியாவின் பிரச்சினைகள் ஆகியவை இப்பாடத்தின் பொருள். ஆண்டுகளும் பெயர்களும் நிறைந்த சுமை என்று இதை அஞ்சுவோர் உண்டு. ஆயின், வயது வந்த மாணவர் இப்பாடத்தின் பெரும்பகுதியை வாழ்ந்து அறிந்தவர். அறிந்ததைத் தேர்வு கேட்கும் வடிவில் எழுதுவதுதான் அவருக்குக் கடினம்.

கிராம சபைக்கும் கிராம ஊராட்சிக்கும் உள்ள வேறுபாடு யாது என்ற வினாவைக் கொள்வோம். இரண்டு கூட்டங்களும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்த்தவர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடும். வாக்காளர் பட்டியலில் உள்ள ஊரார் அனைவரும் அடங்கியது கிராம சபை; அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்டது ஊராட்சி. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கிற்று. பீகார் 2006-இல் அதைப் பாதியாக உயர்த்திற்று. "எங்கள் ஊரில் தலைவர் சொல்வதே முடிவு" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அது உண்மையாகவே இருக்கலாம். எனினும் வினா, சட்டம் வகுத்ததையே கேட்கிறது. முதலில் சட்டத்தை எழுதி, நடைமுறை எங்கே விலகுகிறது என்பதை அடுத்துக் காட்டுபவரின் விடை, குறிப்பேட்டை மனப்பாடம் செய்தவரின் விடையை விடச் சிறந்ததாகும்.

புவியியலிலும் இதே நிலைதான். மேற்கு ராஜஸ்தானின் விவசாயிக்கு மழை பொய்ப்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆரவல்லி மலைத்தொடர் அரபிக்கடல் காற்றின் போக்குக்கு இணையாக அமைந்து அதைத் தடுப்பதில்லை. வங்கக்கடல் கிளையோ அங்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலான ஈரத்தை இழந்துவிடுகிறது. இந்தக் காரணத்தைத்தான் அவர் புதிதாகக் கற்க வேண்டும்.

வரலாற்றில் ஆண்டுகளைத் தனித்தனியே உருப்போடுவதால் பயன் குறைவு. 20 கதா கொண்ட ஒரு பிகா நிலத்தில் 3 கதாவில் அவுரி பயிரிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சம்பாரண் குடியானவர்களை எவ்வாறு வருத்தியது என்பதைப் புரிந்துகொண்டவருக்கு, காந்தியடிகள் 1917-இல் அங்கு சென்றது மறக்காது.

பழைய நினைவு

அனுபவம் உதவுவது போலவே பழைய பாடம் இடரும் செய்யும். 1999-இல் பள்ளியை விட்டவர் மனத்தில் 25 மாநிலங்கள் கொண்ட படம் இருக்கும். 2000-இல் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் ஆகியவையும் 2014-இல் தெலங்கானாவும் தோன்றின. 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. இன்று மாநிலங்கள் 28, ஒன்றியப் பகுதிகள் 8. (2005-இல் பள்ளியை விட்டவரும் 28 என்றே எழுதுவார், விடை சரி, படம் தவறு.) தேர்வில் வரைபட வினாவும் இடம்பெறுவதால், புதிய படத்தில் மாநில எல்லைகளையும் ஆறுகளையும் பலமுறை குறித்துப் பழகுதல் இன்றியமையாதது.

எழுதிப் பழகுதல்

நெடுநாள் பேனா பிடியாத கைக்கு மூன்று மணி நேரம் இடைவிடாது எழுதுவதே முதற்சோதனை. இதைப் பலர் தேர்வு அறையில்தான் உணர்கின்றனர். நாள்தோறும் ஒரு வினாவுக்கேனும் நூலை மூடி வைத்து விடை எழுத வேண்டும். ஆசிரியர் திருத்தித் தரும் ஒப்படைப்புத் தாள்களுக்கு 20 விழுக்காடு மதிப்பு உண்டு. தேர்வுக்கு முன் மாணவரின் எழுத்தைப் பிறர் படித்துக் குறை சொல்லும் வாய்ப்பு இதுவே. பிறர் எழுதியதைப் படியெடுத்து ஒப்படைப்பவருக்கு மதிப்பெண் வரலாம். தம் விடையில் என்ன குறை என்பது தெரியாமலே போகும்.

தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும். ஏப்ரல்-மே தேர்வில் அது கிட்டாதவர், அதே பதிவின் கீழ் அக்டோபர்-நவம்பரில் இப்பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம்.