வீட்டிற்கு வந்த புதிய இரத்த அழுத்தக் கருவி: முதல் வாரம்

புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலர் இப்போது மருந்துச் சீட்டுடன் இன்னொரு தாளையும் நீட்டுகிறார்கள். வீட்டிலுள்ள டிஜிட்டல் கருவியில் பார்த்த இரத்த அழுத்த அளவுகளைக் குறித்த தாள் அது. அதை நாங்கள் விரும்பியே வாங்கிப் படிக்கிறோம். சிலருக்கு மருத்துவரைக் கண்டதுமே அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் இயல்பாக இருக்கும். வேறு சிலருக்கு இங்கே இயல்பாக இருந்து, வீட்டில் மிகுந்திருக்கும். பின்னவர்களைப் பற்றியே எங்களுக்குக் கவலை அதிகம். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பல வேளைகளில் அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்கிறோம். எனவே தாளிலுள்ள எண் பிழையானால் மாத்திரையின் அளவும் பிழையாகிவிடும்.

கருவி வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பழைய பாதரசக் கருவியைப் பயன்படுத்தும் மருத்துவர், ஸ்டெதாஸ்கோப்பைக் கையின் தமனிமேல் வைத்து ஓசையைக் கேட்பார். 1905ஆம் ஆண்டு ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் விவரித்த முறை அது. வீட்டுக் கருவி ஓசை எதையும் கேட்பதில்லை. பட்டையில் அடைத்த காற்று மெல்ல இறங்கும்போதோ ஏறும்போதோ, தமனியின் துடிப்பால் அக்காற்றில் எழும் நுண்ணிய அதிர்வுகளை அது உணர்கிறது. அதிர்வு மிகப் பெரிதாகும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கருவிக்குள் இருக்கும் கணக்கு வருவிக்கிறது. அதனால் நீங்கள் கையை அசைத்தாலும், முறுக்கிப் பிடித்தாலும், பேசினாலும் அக்கணக்கு தடுமாறும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்களுக்கும் ஒரே அளவை நம்ப இயலாது; அவர்கள் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

வாங்கும்போது மேற்கையில் சுற்றும் கருவியையே தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டில் கட்டுவது எளிதுதான். ஆனால் மணிக்கட்டை இதயத்தின் மட்டத்தில் சரியாக வைத்திருப்பவர்கள் குறைவு. விரலைத் தொலைபேசியின் கேமராமேல் வைத்தால் இரத்த அழுத்தம் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளைக் கொண்டு மருந்தின் அளவை முடிவு செய்ய இயலாது. பட்டை இல்லாமல் அளவு காட்டும் கைக்கடிகாரங்களையும் இப்போதைக்கு அதே வரிசையில்தான் வைக்கிறோம். விலையைவிடப் பட்டையின் அளவைக் கவனியுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையற்காரரின் நாடாவால் கையின் சுற்றளவைப் பாருங்கள். பல கருவிகளுடன் வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைகளுக்கே பொருந்தும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மெலிந்த கையில் பெரிய பட்டை குறைத்துக் காட்டும். பொருந்தும் பட்டையைத் தனியாகவும் வாங்கலாம்.

மின்கலத்தைப் போட்டதும் கருவி முதலில் கேட்பது தேதியையும் நேரத்தையும்தான். பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தாமல் நேரே தொடக்கப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். கருவி ஒவ்வோர் அளவையும் நேரத்துடன் சேமித்து வைக்கிறது. முற்பகலும் பிற்பகலும் மாறியிருந்தால், மாத்திரைக்கு முன் பார்த்த காலை அளவு எது, மாலை அளவு எது என்று எங்களுக்குத் தெரியாது. மின்கலம் மாற்றும்போது பல கருவிகளில் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால், அப்போதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல கருவிகளில் இரண்டு பேருக்குத் தனித்தனி நினைவகம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே எண்ணில் பார்த்துக்கொண்டு வந்தால், அந்தச் சராசரி இருவரில் எவருக்கும் உரியதாக இராது. யாருக்கு எந்த எண் என்பதைச் சிறு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். தொலைபேசிச் செயலியுடன் இணைக்கும் வசதி இருந்தால் வீட்டிலுள்ள இளையவர்கள் செய்து தரட்டும். இல்லாவிட்டாலும் குறைவொன்றுமில்லை, நோட்டுப் புத்தகமே போதும்.

இனி அளவு பார்க்கும் முறை. காப்பி, புகை, நடைப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது கழிய வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. தரையிலும் ஊஞ்சலிலும் அமராமல், சாய்மானமுள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கையில் பார்ப்பது அமைதியாகாது. கையை மேசைமேல் வைத்து, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்குமாறு பாருங்கள். கை 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு ஏறத்தாழ 7 அல்லது 8 கூடும். பட்டையைத் துணியின்மேல் சுற்ற வேண்டாம். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றுவதும் கயிறு கட்டுவதற்கு ஒப்பானதே. சட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவது மேல். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். காற்று ஏறுகையில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. "எவ்வளவுப்பா இருக்கு?" என்று அன்போடு கேட்பதுகூட எண்ணை ஏற்றிவிடும்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, பிறகு எப்போதும் அந்தக் கையிலேயே பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைத்த கையில் பட்டையைச் சுற்றவே கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்கள், எந்தக் கையில் பார்ப்பது என்பதை எங்களிடம் கேட்டறிந்து தொடங்குங்கள்.

காலையில் சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் உணவுக்கும் முன்பு இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளி விட்டு. மாலையிலோ இரவு உணவுக்கு முன்போ அவ்வாறே இரண்டு முறை. இப்படி ஏழு நாட்கள். முதல் நாள் அளவுகள் பழக்கமின்மையாலும் பதற்றத்தாலும் ஏறியிருக்கும். அந்த நான்கையும் விட்டுவிட்டு எஞ்சிய 24 அளவுகளின் சராசரியை எடுக்கிறோம். மேல் அளவின் சராசரி 135 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவின் சராசரி 85 அல்லது அதற்கு மேல் என்றால், வீட்டு அளவின்படி அது உயர் இரத்த அழுத்தம். மருத்துவமனையில் 140/90 என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் வரம்பு சற்றுக் குறைவு. உங்களுக்கு எட்ட வேண்டிய இலக்கு வயதையும் பிற நோய்களையும் பொறுத்து மாறும். அதை மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்த எல்லா அளவையும் எழுதுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று எண்ணி, கூடுதலானவற்றை விட்டுவிட்டு நல்ல எண்களை மட்டும் எழுதிவருவோர் இருக்கிறார்கள். நோட்டில் எல்லாமே 120/80 என்றிருந்தால் நாங்கள் கருவியின் நினைவகப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது வழக்கம்.

குடும்பத்தாருக்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை 165 என்று காட்டியதும் அச்சத்தில் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். முதியவர்களுக்கு அப்படிக் கொடுத்தால் சில மணி நேரத்தில் அழுத்தம் மிகவும் இறங்கி, இரவில் கழிவறைக்கு எழும்போது தலைசுற்றி விழ நேரிடும். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த 165ஐவிடப் பெருந்துன்பம். அவ்வாறே, நாலைந்து நாட்கள் நல்ல அளவு வந்ததென்று மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. நல்ல அளவு வந்தது அந்த மாத்திரையால்தான். மேல் அளவு 180க்கு மேலோ கீழ் அளவு 120க்கு மேலோ காட்டினால், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து மீண்டும் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, வேறு தொந்தரவு இல்லையென்றால் அன்றே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். அதனுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இன்னோர் அளவுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் பலவீனம் ஆகியவை தோன்றினாலோ கருவியில் எந்த எண் இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டியதுதான்.

முதல் வாரம் முடிந்து வரும்போது நோட்டுடன் கருவியையும் பட்டையையும் பையில் எடுத்துவாருங்கள். எங்கள் கருவியுடன் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதையும் செவிலியர் அப்போதே பார்த்துச் சொல்வார். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிக் கொண்டுவந்தால் போதும். கருவி கீழே விழுந்தாலோ, பட்டையில் காற்று கசிந்தாலோ உடனே கொண்டுவாருங்கள்.